சில்வராடோவுக்கு மாற்று ஆட்டோ கியர்பாக்ஸ்: சரியான பெட்டியை அடையாளம் காண முழு வழிகாட்டி

டெக்சஸில் என் வீட்டுக் கராஜ் மூலையில் ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எட்டு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதில் பழுது எதுவும் இல்லை. என் வண்டிக்குச் சேராது, அவ்வளவுதான்.

என்னுடையது 2001 செவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8, ஃபோர் வீல் டிரைவ். பெட்டி போய்விட்டது என்று தெரிந்ததும் ஒரு காயலாங்கடைக்குப் போன் போட்டேன். இங்கே சால்வேஜ் யார்டு என்பார்கள், சமாசாரம் நம்மூர் காயலாங்கடைதான். "தொண்ணூற்றொன்பதிலிருந்து ஆறு வரைக்கும் எல்லாம் ஒரே பெட்டி" என்றார் எடுத்தவர். நம்பிக் காசைக் கொடுத்துத் தூக்கி வந்தேன். பழையதை இறக்கி, பிளைவுட் பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. என் பெட்டியின் பின்பக்கம் குட்டையாக, டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வந்து உட்காரத் தட்டையான முகத்தோடு இருந்தது. வாங்கி வந்ததற்கோ முழ நீளத்துக்கு அலுமினிய வால். டூ வீல் டிரைவ் வண்டியில் கழற்றியது. வாலை மட்டும் மாற்றினால் தீராது. உள்ளிருந்து சுழற்சியைப் பின்னால் கொடுக்கும் அவுட்புட் ஷாஃப்டே வேறு. அதை மாற்ற, பெட்டியை முன்பக்கத்திலிருந்து கடைசிப் பல்சக்கரம் வரை பிரிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக நாலைந்து பெட்டி வாங்கியாயிற்று. ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை. அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸின் முழு அளவு பிக்கப்புகளை. சில்வராடோ, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா, குறிப்பாக 1999 முதல் 2007 வரை வந்தவை. மற்ற கம்பெனிகளுக்கு எண்களும் ஒட்டுச்சீட்டும் மாறும், பார்க்கும் முறை மாறாது.

வருஷமும் மாடலும் பெயரும் ராசிப் பொருத்தம் மாதிரி. அது மட்டும் போதாது. ஒரு பெட்டி வண்டியில் மூன்று இடங்களில் கைகோக்கிறது: முன்னால் இன்ஜினோடு, பின்னால் ஷாஃப்டோடு அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸோடு, பக்கவாட்டில் கம்ப்யூட்டர் வயரோடு. மூன்றும் பொருந்தினால் அது உங்கள் பெட்டி. இரண்டு மட்டும் பொருந்தினால் என் கராஜ் கதைதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

இதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கியர் தாமதமாக விழுகிறது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்ற அளவில் இருந்தால் முதலில் ஆயில் அளவு, வயர் கனெக்டர், சோலனாய்டு (ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வு) ஆகியவற்றைப் பாருங்கள். இந்தப் பெட்டிகளில் இரண்டு நோய்க்குறிகள் பிரபலம். ஒன்றாவதும் மூன்றாவதும் வேலை செய்யும், இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து செத்துப்போகும் என்றால் உள்ளே சன் ஷெல் என்ற உலோகக் கூடு உடைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மூன்றாவதுக்குப் போகும்போது இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி இழுக்காமல் இருந்தால் மூன்று-நான்கு கிளட்ச் கருகியிருக்கும். இரண்டுமே பெட்டியைப் பிரிக்க வேண்டிய வேலை. அங்கேதான் "மாற்றிவிடலாமா" என்ற கேள்வி நியாயமாக வருகிறது.

பெயரைப் பிரித்துப் படியுங்கள்

என் வண்டியின் பெட்டிக்குப் பெயர் 4எல்60-இ. முதல் எண் முன்னோக்கிய கியர்களின் எண்ணிக்கை. 'எல்' என்றால் இன்ஜின் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கிறது என்று பொருள். 60 என்பது பலத்தைக் காட்டும் வகுப்பு எண். கடைசி 'இ' எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. 1982இல் 700ஆர்4 என்ற பெயரில் பிறந்து, 1990இல் 4எல்60 என்று பெயர் மாறி, 1993இலிருந்து கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு 4எல்60-இ ஆனது. பல்விகிதம் 3.06, 1.63, 1.00, 0.70.

இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. 4எல்65-இ பார்க்க அச்சு அசல் தம்பி. உள்ளே கோள்பல்சக்கரத் தொகுப்பில் நான்கு பினியனுக்குப் பதில் ஐந்து. கனமான வண்டிகளுக்கு 4எல்80-இ. அது 1991இலேயே வந்துவிட்ட வேறு வம்சம், பல்விகிதம் 2.48, 1.48, 1.00, 0.75. எடையே சொல்லிவிடும்: ஆயில் இல்லாமல் 4எல்60-இ சுமார் 66 கிலோ, 4எல்80-இ நூறைத் தாண்டும். 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் டீசலுக்கும் 8.1 லிட்டர் பெட்ரோலுக்கும் ஆலிசன் 1000. பிறகு வந்தது ஆறு கியர் 6எல்80.

2007இல் வந்த புது உடல் சில்வராடோவில் ஒரே வருஷத்தில் நான்கு கியர் வண்டியும் ஆறு கியர் வண்டியும் விற்பனைக்கு இருந்திருக்கின்றன. எது என்று தெரியக் கீழே குனியக்கூட வேண்டாம். கியர் காட்டியில் 'டி'க்குப் பிறகு 'எம்' என்ற எழுத்து இருந்தால் ஆறு கியர். 3, 2, 1 என்று வரிசையாக இருந்தால் நான்கு.

வின் நம்பரில் மூன்று எழுத்து

டிரைவர் பக்கம் கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டு மேல் 17 இலக்க வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், இருக்கும். இதில் கியர்பாக்ஸ் வகை எழுதப்படவில்லை. பலர் அதிலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் மூன்று இடங்கள் நமக்கு உதவும்.

ஐந்தாவது எழுத்து. இந்த வண்டிகளில் 'சி' என்றால் டூ வீல், 'கே' என்றால் ஃபோர் வீல். நான் வாங்கிய பெட்டி எந்த வண்டியில் இருந்தது, அதன் வின் என்ன என்று போனில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த ஓர் எழுத்து என்னைக் காப்பாற்றியிருக்கும்.

எட்டாவது எழுத்து இன்ஜின். 1999க்குப் பிந்தைய சில்வராடோவில் 'வி' 4.8 லிட்டர், 'டி' 5.3, 'யு' 6.0. போனில் சொல்லும்போது ஜாக்கிரதை. 'டி' என்றால் டைகர் டியா, டாக் டியா என்று கேட்பார்கள். 5.3க்கு டைகர் டி.

பத்தாவது இடம் மாடல் வருஷம். 'எக்ஸ்' 1999, 'ஒய்' 2000, பிறகு 1 முதல் 9 வரை 2001 முதல் 2009, 'ஏ' 2010. இது மாடல் வருஷம், செய்த வருஷம் அல்ல. 2001 மாடல் வண்டி 2000ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கலாம். செய்த மாதம் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2007இல் இரண்டு வகை சில்வராடோ விற்றது. பழைய உடலில் வந்தது 'கிளாசிக்', புதிய உடலில் வந்தது வெறும் 'சில்வராடோ'. பழைய உடலில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே கம்ப்யூட்டர். புதிய உடலில் கியர்பாக்ஸுக்குத் தனிக் கம்ப்யூட்டர். "2007 பெட்டி இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த 2007 என்று கேளுங்கள். 1999இலும் இதே கூத்து உண்டு. புது உடல் வந்த பிறகும் பழைய உடலில் சில வண்டிகள் தொடர்ந்து வந்தன.

குளோவ் பாக்ஸ் சீட்டு

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி கொடுத்த பெரிய வரம் இதுதான். குளோவ் பாக்ஸைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைச் சீட்டு, அதில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசை வரிசையாக. ஆர்பிஓ குறியீடு என்பார்கள். அந்த வண்டி தொழிற்சாலையில் என்னென்ன சாமானோடு பிறந்தது என்பதற்கு ஜாதகம் அது. கிழியாமல் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டியவை இவை. எம்30 இருந்தால் 4எல்60-இ. எம்32 இருந்தால் 4எல்65-இ. எம்டி1 என்றால் 4எல்80-இ, எம்என்8 அதன் பலமான வடிவம் 4எல்85-இ. எம்ஒய்சி என்றால் 6எல்80. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என்பி1 பட்டனில் மாறும் வகை, என்பி2 தரையில் கைப்பிடி உள்ள வகை, என்பி8 தானாக மாறும் ஆட்டோட்ராக். பின் ஆக்சில் பல்விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. இது பெட்டி உட்காருவதைப் பாதிக்காது. ஆனால் ஆறு கியர் பெட்டிக்கு மறுபடி புரோகிராம் போடும்போது கேட்பார்கள்.

சீட்டு பொய் சொல்லாது, ஆனால் பழைய கதையைச் சொல்லும். இருபது வயதான பிக்கப்பில் பெட்டி ஏற்கெனவே ஒரு தடவை மாற்றப்பட்டிருக்கலாம். அதனால் அடுத்த வேலை கீழே படுப்பது.

வண்டிக்கு அடியில்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத்தான் அடியில் நுழைய வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

முதலில் ஆயில் பான் போல்ட்டை எண்ணுங்கள். 16 இருந்தால் 4எல்60-இ குடும்பம், 17 இருந்தால் 4எல்80-இ. எண்ணும்போது ஒன்றில் விரலை வைத்துச் சுற்றி வந்து அதே விரலில் முடியுங்கள். இருட்டில், முகத்தில் ஆயில் சொட்டும்போது 16ஐ 17 என்று எண்ணுவது சுலபம், நானே எண்ணியிருக்கிறேன். உறுதிப்படுத்த இன்னொன்று: 4எல்80-இயின் இடப்பக்கத்தில் வெளியே இரண்டு வேக சென்சார் தெரியும். இன்ஜினோடு சேரும் மணி வடிவ முன் கூடான பெல் ஹவுசிங் அதில் உடலோடு ஒரே வார்ப்பு. 4எல்60-இயில் 1996க்குப் பிறகு பெல் ஹவுசிங் தனித் துண்டு, போல்ட்டைக் கழற்றினால் கழன்று வரும்.

அடுத்தது அச்சுக்குறி. 4எல்60-இயில் வலப்பக்கம், ஆயில் பான் விளிம்புக்கு மேலே, பின்பக்கமாக ஓர் எண்ணும் எழுத்துகளும் குத்தியிருக்கும். முதலில் வரும் எண் மாடல் வருஷத்தின் கடைசி இலக்கம். பின்னால் வரும் எழுத்துகள் அந்தப் பெட்டி எந்த இன்ஜினுக்கு, எந்த வண்டிக்கு என்று அமைக்கப்பட்டது என்பதன் குறியீடு. மாற்றுப் பெட்டி விற்பவர்கள் உண்மையில் தேடுவது இந்தக் குறியீட்டைத்தான்.

ஆனால் இது கண்ணுக்குத் தெரியாது. இருபது வருஷ ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருவாட்டுத் தோல் மாதிரி படிந்திருக்கும். நான் செய்வது இப்படி. பிரேக் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுவேன். பிறகு பள்ளிக்கூட வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலாகத் தேய்த்து, உள்ளங்கையால் ஒரு துடை துடைப்பேன். மேற்பரப்பு சுத்தமாகிவிடும், குத்திய பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி நிற்கும். போனில் நாலு படம் எடுங்கள். அடியில் படுத்துக்கொண்டு படிக்கும் '8' மேலே வந்து பார்த்தால் 'பி'யாகிவிடும்.

பெட்டியில் வேறு கடைக்காரர் ஒட்டிய பட்டையோ, ரிவெட் அடித்த தகரமோ, மஞ்சள் பெயிண்ட் பேனா கிறுக்கலோ இருந்தால் அது தொழிற்சாலைப் பெட்டி இல்லை. யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். அப்போது சீட்டும் அச்சும் ஒத்துப்போகாவிட்டால் குழம்ப வேண்டாம். வண்டி இப்போது எந்தப் பெட்டியோடு ஒழுங்காக ஓடியதோ அதைப் பின்பற்றுவதுதான் வழி. அந்தப் பெட்டியோடும் அது ஒழுங்காக ஓடவில்லை என்றால், மாற்றியவர் தப்பாக மாற்றியிருக்கலாம். சீட்டுக்குத் திரும்புங்கள்.

முன்பக்கம்: இன்ஜினோடு கைகோக்கும் இடம்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான், அதனால் நின்று பேசுகிறேன்.

1999இல் புது சில்வராடோவோடு ஜிஎம்மின் புதுத் தலைமுறை வி8 வந்தது. 4.8, 5.3, 6.0 எல்லாம் அதுதான். இந்த இன்ஜினோடு வந்த 4எல்60-இயில் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் வட்டமான பாகம்) 300 மில்லிமீட்டர். அதற்கேற்ப இன்புட் ஷாஃப்ட் நீளம், பெல் ஹவுசிங் ஆழம், முன் பம்ப் எல்லாம் மாறின. அதற்கு முந்தைய 5.7 லிட்டர் இன்ஜினோடு வந்த 4எல்60-இயில் கன்வர்ட்டர் 298. எழுத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றவே முடியாது. வெளியே பார்த்தால் 1998 பெட்டியும் 2001 பெட்டியும் அண்ணன் தம்பி.

கண்ணால் பிரிக்க ஒரு வழி: புது இன்ஜினுக்கான பெல் ஹவுசிங்கில் உச்சியில், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், ஒரு போல்ட் துளை இருக்கும். பழையதில் அது இருக்காது.

"பெல் ஹவுசிங்தான் தனியாகக் கழல்கிறதே, என் பழைய பெல்லைப் புதுப் பெட்டியில் மாட்டிக்கொள்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. போல்ட்டெல்லாம் அழகாக உட்காரும். ஆனால் உள்ளே இன்புட் ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் கன்வர்ட்டருக்குள் போய்ச் சேராது. பெல் மாறினால் போதும் என்று நினைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னும் நுணுக்கமான பொறி, அதே வருஷம், அதே உடல், அதே எம்30 சீட்டோடு வரும் 4.3 லிட்டர் வி6 சில்வராடோ. அந்த வி6 பழைய தலைமுறை இன்ஜின். அதன் பெட்டி உங்கள் 5.3இல் உட்காராது. டிரெய்ல்பிளேசரின் ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜினுக்கும் இதே 4எல்60-இ உண்டு. ஆனால் பெல் முற்றிலும் வேறு. கமேரோவிலிருந்து எடுத்தது என்றால் வால் வேறு. கொர்வெட்டில் பெட்டி பின் ஆக்சிலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. அதே தலைமுறை டாஹோ, சபர்பன், யூகான் எல்லாம் சில்வராடோவின் சட்டத்தில் பிறந்தவை. வி8, டிரைவ் வகை, வருஷம் ஒத்துப்போனால் அவற்றின் பெட்டியும் உங்களுக்கு ஆகும். தேடும் வலையை அகலமாக விரிக்கலாம். அனைத்துச் சக்கர டிரைவோடு வந்த எஸ்கலேடு, டெனாலி வகைகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேறு. அங்கே மட்டும் பின்பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள்.

பின்பக்கம்

டூ வீலா ஃபோர் வீலா என்பதுதான் முதல் கேள்வி. என் கதையை மேலே சொல்லிவிட்டேன். ஃபோர் வீலுக்குள் அடுத்த கேள்வி, ஸ்பிளைன், அதாவது ஷாஃப்டைச் சுற்றியுள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை. 4எல்60-இயின் அவுட்புட் ஷாஃப்டில் 27, 4எல்80-இயில் 32. டிரான்ஸ்ஃபர் கேஸின் வாயும் அதற்கேற்ப 27 அல்லது 32. அதனால் "பலமான பெட்டியாகப் போட்டுவிடலாம்" என்று 4எல்60-இ இடத்தில் 4எல்80-இ வைக்க ஆசைப்பட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ், கிராஸ் மெம்பர், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் ஊர்வலமாகப் பின்னாலேயே வரும். அது மாற்று வேலை அல்ல, தனித் திட்டம்.

எம்30 இடத்தில் எம்32 வைப்பது வேறு விஷயம். அதே தலைமுறையில், அதே டிரைவ் வகையில், சென்சார் அமைப்பும் ஒத்துப்போனால் 4எல்65-இ உட்காரும். இந்த மேம்பாட்டை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பின் முகத்தில் போல்ட் எண்ணிக்கையையும் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் நான்கு போல்ட் முகமும் உண்டு, ஆறு போல்ட் முகமும் உண்டு. வேக சென்சார் எங்கே என்பதும் முக்கியம். இந்தத் தலைமுறை டூ வீல் வண்டியில் அது பெட்டியின் வாலில், ஃபோர் வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸில்.

வயர்

4எல்60-இயில் வட்டமான கனெக்டர் ஒன்று பெட்டி உடலில் சொருகியிருக்கும். 1995க்கு முந்தைய பெட்டிகளில் கனெக்டரும் கன்வர்ட்டர் லாக் கட்டுப்பாடும் வேறு. 1996இலும் ஒரு சோலனாய்டு மாறியது. 1999க்குப் பிந்தைய வண்டிக்கு இவை எதுவும் வேண்டாம்.

2007இன் புது உடல் வண்டிகளின் பக்கம் போனால் இன்புட் வேக சென்சார் உள்ளேயே வைத்த பெட்டிகள் வருகின்றன. கியர் நிலையைக் காட்டும் சுவிட்சும் சிலவற்றில் வெளியே லீவர் தண்டில் இல்லாமல் உள்ளே போய்விட்டது. உங்கள் பழைய பெட்டியில் லீவர் தண்டைச் சுற்றி வெளியே சுவிட்ச் இருந்ததா என்று பார்த்து, அதே மாதிரி வாங்குங்கள்.

6எல்80 என்றால் கதையே வேறு. அதன் கம்ப்யூட்டர் ஆயில் பானுக்குள், வால்வு பாடியோடு சேர்ந்து ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும். பழைய பெட்டியை அப்படியே மாட்டினால் முந்தைய வண்டியின் புரோகிராமோடு வந்து உட்காரும். உங்கள் வின் நம்பருக்கு மறுபடி புரோகிராம் போட ஆள் இருக்கிறாரா என்று பேசிவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

யார்டில் நிற்கும்போது

பெட்டி தரையில் கிடப்பதைவிட வண்டியிலேயே இருப்பதை வாங்குவது நல்லது. அந்த வண்டியின் வின், குளோவ் பாக்ஸ் சீட்டு, ஓடோமீட்டர் மூன்றும் சாட்சியாகக் கிடைக்கும். வண்டி எங்கே அடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். பின்னால் அல்லது பக்கத்தில் அடிபட்டு யார்டுக்கு வந்தது என்றால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி. எங்கும் அடிபடாமல், டயரும் புதிதாக, சும்மா நிற்கிறது என்றால் எதற்காக வந்தது என்று சந்தேகப்படுங்கள். பல சமயம் அந்தக் கியர்பாக்ஸுக்காகவேதான் வந்திருக்கும்.

டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைப் பேப்பர் டவலில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு அல்லது லேசான பழுப்பு பரவாயில்லை. கறுத்து, கருகிய வாடை வந்தால் விட்டுவிட்டு நடக்கலாம். பால் கலந்த ஸ்ட்ராபெரி நிறம் என்றால் ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பானைக் கழற்ற அனுமதித்தால் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் கூழ் படிந்திருப்பது தேய்மானம், சகஜம். கையில் குத்தும் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

ரீபில்ட் பெட்டி ஆர்டர் செய்வது

யார்டுப் பெட்டி மலிவு, ஆனால் சூதாட்டம். உழைக்கும் வண்டி என்றால் பிரித்துப் புதுப்பித்த ரீபில்ட்தான் வாங்குவேன். ஆர்டர் கொடுக்கும்போது பேச்சில் விடாமல் எழுத்தில் அனுப்புங்கள்: முழு வின், ஆர்பிஓ குறியீடு, பெட்டியின் அச்சுக்குறி, இன்ஜின், டூ வீலா ஃபோர் வீலா, வண்டி செய்த மாதம், கூடவே நீங்கள் எடுத்த படங்கள். தப்பான பெட்டி வந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு வரும்போது அந்த மின்னஞ்சல்தான் பேசும்.

விலையோடு 'கோர்' என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பி வரும். உடல் வெடித்திருந்தால் பிடித்துக்கொள்வார்கள். டார்க் கன்வர்ட்டர் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். உள்ளே கருகிய பெட்டியின் கன்வர்ட்டரைப் புதுப் பெட்டியில் போடுவது, கழுவாத பாத்திரத்தில் புதுப்பால் ஊற்றுவது மாதிரி. ஆயில் கூலரும் அப்படியே. அதைக் கழுவித் துடைத்தால்தான் வாரண்டி செல்லும் என்று பலர் நிபந்தனை போடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

மாட்டுவதற்கு முன் கடைசிப் பரிசோதனை

பழையதையும் புதியதையும் பக்கத்தில் படுக்க வைத்து, அவசரப்படாமல் முன்னிருந்து பின்னாக ஒப்பிடுங்கள். பெல் துளைகள், உச்சித் துளை உட்பட. பெல்லின் முகத்துக்குக் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வைத்து, அதிலிருந்து இன்புட் ஷாஃப்ட் நுனி எவ்வளவு தூரம் என்று இரண்டிலும் அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கன்வர்ட்டர் போல்ட் துளை மூன்றா ஆறா, இன்ஜினின் பின்னால் இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயர் கனெக்டரைப் புதுப் பெட்டியில் ஒரு தடவை சொருகிப் பாருங்கள். கூலர் பைப் முனை, லீவர் தண்டு, டிப்ஸ்டிக் குழாய் துளை, மவுண்ட் துளை, பின் முக போல்ட், ஸ்பிளைன் ஆகியவற்றையும் பாருங்கள். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். தரையில் கிடக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆயில் ஊற்றி மாட்டியதை வாங்க மாட்டார்கள்.

கன்வர்ட்டரை ஏற்றும்போது தள்ளிச் சுற்றிக்கொண்டே இருந்தால் படிப்படியாக உள்ளே இறங்கிக் கடைசியில் பம்பில் உட்காரும். பெல் இன்ஜினோடு ஒட்டியபின் கன்வர்ட்டரைக் கையால் சுற்ற முடிய வேண்டும், ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவில் சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுகி நின்றால் பெல் போல்ட்டை முடுக்காதீர்கள், பம்ப் உடைந்துவிடும். இந்த இறுக்கம் பெரும்பாலும் கன்வர்ட்டர் சரியாக இறங்காததால் வருவது. இறங்கியும் இடைவெளி வராவிட்டால் 298ஐயும் 300ஐயும் கலந்துவிட்டீர்கள்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம். குளோவ் பாக்ஸ் சீட்டுக்குக் கீழே ஒரு துண்டு டேப் ஒட்டி, மார்க்கரில் புதுப் பெட்டியின் அச்சுக்குறி, மாட்டிய தேதி, ஓடோமீட்டர் எண் மூன்றையும் எழுதிவிடுவேன். என் சீட்டில் எம்30 என்றுதான் இன்னமும் இருக்கிறது, கீழே ஓடுவது எம்32.